பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் ஒரு கட்சி என்னை பூத் ஏஜென்டாக இருக்கச் சொல்லிக் கேட்கிறது. நான் தனியார் கம்பெனியில் வேலை செய்கிறேன். கட்சியின் கொள்கை பிடிக்கும், ஆனால் மேடையில் பேச வராது. கொடி பிடித்து கோஷம் போடுவதுதான் வேலை என்றால் நான் எதற்கு என்று தோன்றுகிறது. சேரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். இந்தப் பொறுப்புக்கு மேடைப் பேச்சு தேவையே இல்லை. வாக்குச்சாவடி நிலை முகவரின் வேலை வாக்காளர் பட்டியலில்தான், அதுவும் தேர்தல் பேச்சே இல்லாத மாதங்களில்.

பட்டியலோடு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். அப்பா பெயர் ஒரு பக்கத்திலும் மகள் பெயர் பத்துப் பக்கம் தள்ளியும் கிடக்கும். இறந்தவர் பெயர் அப்படியே இருக்கும். கல்யாணமாகி வந்த மருமகளுக்குப் பிறந்த ஊரிலேயே ஓட்டு இருக்கும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் 8. முன்பு ஜனவரி 1-இல் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022-க்குப் பிறகு ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளும் சேர்ந்துவிட்டன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை முதலில் சொல்லுங்கள்.

ஓட்டுப்போடும் நாளில் ஒரு வயதான அம்மா அட்டையோடு வரிசையில் நின்று உள்ளே போவார். "உங்க பேர் லிஸ்ட்ல இல்லம்மா" என்பார்கள். அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. அன்றைக்கு எந்தத் தலைவர் வந்தும் அதை மாற்ற முடியாது. சில மாதங்களுக்கு முன் யாராவது அவர் கதவைத் தட்டியிருந்தால் போதும். அந்த யாரோ நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த அம்மா எதிர்க்கட்சிக்குப் போடுகிறவர் என்று தெரிந்தாலும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஆகாதவர்கள் பெயரை நீக்கப் படிவம் 7-ஐக் கட்டுக்கட்டாகப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படிவங்களை மொத்தமாகக் கொடுக்கும் முகவர், விவரங்களை நேரில் சரிபார்த்ததாக உறுதி எழுதித் தர வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. கையெழுத்து உங்களுடையது, மாவட்டச் செயலாளருடையது அல்ல.

அப்புறம் வாக்குப்பதிவு நாள். சாவடிக்குள் உட்காரும் முகவருக்குத் தனி நியமனம் உண்டு. அரசு ஊழியர்கள்தான் அப்படி உட்காரக்கூடாது, உங்களுக்குத் தடையில்லை. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் இயந்திரத்தைச் சோதிக்க நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கே போய்விடுங்கள். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்து, சீல் வைப்பார்கள். சீல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் பசியும் களைப்புமாக இருக்கும்போது பலரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். பதிவான மொத்த ஓட்டுகளை எழுதிய 17சி படிவத்தின் நகலை, வாக்குப்பதிவு முடிகிற நேரத்தில் அங்கே இருக்கும் முகவர்களுக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் தர வேண்டும். எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் எண்ணை ஒப்பிட உங்கள் கட்சிக்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் வேலையைத் தொடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் கவரைக் கையில் திணித்த பிறகு மறுப்பது கஷ்டம். சரி என்றால் நியமனப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்குரிய, வாக்காளர் பட்டியலைக் கேளுங்கள்.