பிள்ளை தூங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து ஓடர் எடுங்கள்

ஹட்டனை அடுத்த டிக்கோயா பக்கமிருந்து ஒரு தங்கச்சி நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான். வீட்டில் தையல் வேலை, இப்போது கூடவே கேக் ஓடரும் எடுக்கிறார். மூத்தவள் தரம் 1, இளையவனுக்குப் பத்து மாதம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். மாமியார் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய் மாலையில்தான் திரும்புகிறார். ஓடர் குவிகிறது, சொன்ன நாளில் கொடுக்க முடிவதில்லை, வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவர்களிலும் பாதிப்பேர் கடன் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "ஜூக்கி தையல் மெஷின் வாங்கினால் வேகமாகத் தைக்கலாம் அக்கா, நுண்கடன் ஒரு லட்சம் தருகிறோம் என்கிறார்கள், எடுக்கட்டுமா? பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மனசு உறுத்துது. நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?"

முதலில் கடன் கேள்விக்குப் பதில்: இப்போது எடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் நேரம், பிள்ளை, பணம் என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்ட எல்லாமே ஒரே முடிச்சுத்தான். முழுநாளும் கடை திறந்து வைத்திருக்கும் டெய்லர் மாதிரி வாக்குக் கொடுக்கிறீர்கள். கையில் இருப்பதோ பத்து மாதப் பிள்ளை தூங்கும் நேரம் மட்டும்.

அந்த நேரம் எவ்வளவு என்று எப்போதாவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? இந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் பகலில் இரண்டு தடவை தூங்கும். இரண்டையும் சேர்த்து இரண்டரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மணித்தியாலம் சமையலுக்கும் துணி துவைக்கவும் போய்விடும். மிச்சம் ஒன்றரை. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 9 மணித்தியாலம். இரவில் இரண்டு பேரும் தூங்கிய பிறகு ஐந்து நாள் ஒவ்வொரு மணித்தியாலம் என்றால் இன்னும் 5. ஆக 14. அளவெடுத்து, வெட்டி, தைத்து, கொக்கி வைத்து முடிக்க ஒரு பிளவுஸுக்கு மூன்றரை மணித்தியாலம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாரத்துக்கு 4 பிளவுஸ், அவ்வளவுதான். நீங்கள் எடுப்பதோ ஒன்பது, பத்து. அப்புறம் எப்படிச் சொன்ன நாளில் கொடுக்கிறது?

உங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஒரு வாரம் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் பிள்ளையின் துணி காயாது, சளி பிடித்தால் தூக்கமும் கெட்டுப்போகும், அந்த மாதங்களில் நாலு பிளவுஸ் மூன்றாகிவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதே தொல்லை ஒக்டோபருக்குப் பிறகு வரும். இன்னொன்று, ஒன்றேகால் ஒன்றரை வயதில் இரண்டு தூக்கம் ஒன்றாகச் சுருங்கிவிடும், அதனால் இந்தக் கணக்கை நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி விலை. சாதாரண பிளவுஸ் ஒன்றுக்கு 600 ரூபா வாங்குகிறீர்கள். நூல், லைனிங், கொக்கி, கரண்ட், உடைகிற ஊசி என்று 150 போகிறது. மிச்சம் 450 ரூபாவை மூன்றரையால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 129 ரூபா வருகிறது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் அது 169 ரூபா. மலையில் மழையில் நனைந்து கொழுந்தெடுக்கும் உங்கள் மாமியாரின் கூலியே குறைவு என்று ஊரெல்லாம் பேசுகிறோம். கத்தரிக்கோல் பிடிக்க வருடக்கணக்காகப் பழகிய நீங்கள், அந்தப் பழைய அடிப்படைச் சம்பளத்துக்கும் குறைவாக உங்கள் கைக்கு விலை போட்டிருக்கிறீர்கள்! ஆகக் குறைந்தது 750 ரூபாவாவது கேளுங்கள், அப்போதுதான் அந்தச் சம்பளத்தைத் தொடும். விலை ஏறினால் இரண்டு பேர் வேறு இடம் பார்ப்பார்கள். போகட்டுமே, உங்களால் தைக்க முடிந்ததே நாலுதான்.

கடனுக்கு வருவோம். 1 லட்சம் ரூபா, வருடத்துக்கு 24 வீத நிலையான வட்டி, 52 வாரத் தவணை என்று ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மொத்தம் 124,000 ரூபா, வாரத்துக்கு ஏறக்குறைய 2,385. உங்கள் இப்போதைய விலையில் நாலு பிளவுஸ் தைத்து மிஞ்சுவது 1,800. விலையை 750 ஆக்கினால் 2,400. அதாவது வாரம் முழுக்கத் தைத்து, தவணை கட்டிவிட்டு, கையில் 15 ரூபா. இந்த 24 வீதம் என்பதும் பேச்சுக்குத்தான். நீங்கள் வாராவாரம் முதல் தொகையைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியை மட்டும் கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடுகிறார்கள், அதனால் உண்மையான வட்டி வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். கடன் கொடுக்க வருகிறவரிடம் "நிலையான வட்டியா, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா?" என்று கேளுங்கள், நேரடிப் பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தோட்டப் பக்கம் வேறொரு சிக்கலும் இருக்கிறது. உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்களுக்குக் காசு வருவது மாதம் 10ஆம் திகதி சம்பளத்தில். கடன்காரர் வருவதோ ஒவ்வொரு வாரமும். நடுவில் வரும் மூன்று வாரத்துக்கு எங்கே போவீர்கள்? இன்னொரு கம்பெனியிடம்தான். நுண்கடனில் பெண்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஜூக்கி வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றரை மணித்தியாலத்தில் மெஷின் ஓடுவது பாதிகூட இராது. மிச்சமெல்லாம் அளவு, வெட்டு, கைத்தையல், பிள்ளை அழுதால் எழுந்து போய் வருவது. வேகமான மெஷின் பிள்ளையின் தூக்கத்தை நீட்டித் தராது. தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய கிளட்ச் மோட்டர் வைத்ததாக இருந்தால் போடும் இரைச்சலில், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும் உள்ள லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), இருக்கும் தூக்கமும் கலைந்துவிடும்.

கேக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கேட்க வருத்தமாக இருக்கும், படங்களைப் பார்த்தேன், நன்றாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் 2,000 வோட்ஸ் ஒவன் ஒன்று ஒரு மணித்தியாலம் முழுச் சூட்டில் ஓடினால் 2 யூனிட். தினமும் என்றால் மாதம் 60 யூனிட் அதற்கே போய்விடும். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினாலே முதல் யூனிட்டிலிருந்து விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். சூடான ஒவன், தவழும் பிள்ளை, ஒரே அறை, இதை நான் விளக்கத் தேவையில்லை. தோட்டத்து ரோட்டில் ஓட்டோவில் கேக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு ஐசிங் எந்த நிலையில் போய்ச் சேரும் என்பதும் தெரியும். ஒழுங்காகச் செய்வதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேச வேண்டும், பைக்கற் பண்ணி விற்றால் தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறை, முகவரி போட்ட லேபல் வேண்டும். இளையவனும் பாலர் பாடசாலைக்குப் போகட்டும், அப்போது பார்க்கலாம்.

தையலுக்குள்ளேயே வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் நிறைய வித்தியாசம் தெரியும். நடுவில் விட்டால் கெட்டுப்போகும் வேலை, விட்டாலும் கெடாத வேலை. துணி வெட்டுவது முதல் வகை, அதற்குப் பிள்ளையின் முதல் தூக்கத்தை ஒதுக்குங்கள், வேறு எதையும் அந்த நேரத்துக்குள் விட வேண்டாம், போனைக்கூட. அடுத்தவர் துணியில் ஒரு வெட்டுத் தப்பினால் நாலு பிளவுஸின் லாபமும் போயிற்று. கீழ்மடிப்பு அடிப்பது, பிரிப்பது, பெரிய கைத்தையல் எல்லாம் இரண்டாம் வகை, மூத்தவள் பக்கத்தில் எழுத்து எழுதிக்கொண்டிருக்கும்போது செய்யலாம். அயன் பண்ணுவது மட்டும் பிள்ளை விழித்திருக்கும்போது கூடவே கூடாது, தொங்கும் வயரை இழுக்க ஒரு நொடி போதும்.

ஊசி, குண்டூசி, கொக்கி, பட்டன் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பத்து மாதத்தில் கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான் போகும். இறுக்கமான மூடியுள்ள டப்பா ஒன்றை உயரத்தில் வையுங்கள், வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை நிலத்தில் ஓட்டி எடுங்கள், விழுந்த ஊசியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பட்டனைக் காந்தம் பிடிக்காது, அதைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் காந்தத்தையும் டப்பாவிலேயே போட்டு மூடுங்கள். கூர்மையான எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழமும் கொடுக்க வேண்டாம், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கடன் சொல்பவர்கள் விஷயம். பக்கத்து லயன், சொந்தக்காரர், கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர்கள், இல்லை என்று சொல்ல முடியாதுதான். அதனால் ஆளுக்கு ஆள் மறுத்துக்கொண்டிருக்காமல் எல்லோருக்கும் ஒரே விதியாக வைத்துவிடுங்கள்: பாதிக் காசு வந்த பிறகே துணி வெட்டுவேன், மிச்சத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். கொடுக்கும் திகதியைச் சம்பள நாளுக்கு அடுத்து வருமாறு போட்டால் அவர்களுக்கும் சுலபம். உங்கள் மனதில் உள்ள திகதியோடு எப்போதும் மூன்று நாள் கூட்டிச் சொல்லுங்கள், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்த மூன்று நாளும் காணாமல் போய்விடும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஓடர் கொப்பியை மூடிவிட வேண்டும். தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கையில் வந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் துணியோடு வருவார்கள், அந்த வாரம் நீங்கள் சரி சரி என்று சொல்லிவிட்டு நடுச்சாமம் வரை தைப்பதைத்தான் போன வருடக் கதையாக எழுதியிருந்தீர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி இலவசம், "இரவு 8க்குப் பிறகு பதில் சொல்கிறேன்" என்று அதுவே பதில் போடும். போடவிட்டு, போனைக் கவிழ்த்து வையுங்கள்.

பிள்ளையைப் பார்க்க ஆள்? மாமியாரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அவரும் பாவம், நாள் முழுக்க மலையில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் என்று குறிப்பாகக் கேளுங்கள், கேட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் எடுக்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையமாகப் பல இடங்களில் ஒழுங்காக நடக்கிறது, உங்கள் வீட்டில் தோட்டத்தில் பெயர் பதிந்தவர் மாமியார் மட்டும் என்றாலும் பேரனைச் சேர்ப்பார்களா என்று அங்குள்ள அலுவலரிடம் போய்க் கேளுங்கள். காசு கொடுத்து ஆள் வைப்பதென்றால் படிக்கிற வயதுப் பிள்ளையை வைக்க வேண்டாம். 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது 2021இலிருந்து சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகளை அடுத்தவர் வீட்டு வேலைக்கு அனுப்பிய கதை நமக்குத் தெரியாததா? கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நூல், லைனிங், கொக்கி எல்லாம் கொழும்பு புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கி மாதாமாதம் கொண்டுவரட்டும். ஹட்டன் டவுனுக்குச் சில்லறைக்கு ஓடும் அரை நாள் உங்களுக்கு மிஞ்சும்.

மனசு உறுத்துவதற்கு என்னால் மருந்து எழுத முடியாது. ஆனால் பார்க்கிறது பார்க்கவில்லை என்பதை அயல் வாயிலிருந்து அளக்காதீர்கள். கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்கள். நிறைக்கோடு மாதாமாதம் ஏறிக்கொண்டு போகிறதா, தடுப்பூசி திகதிக்குப் போட்டாயிற்றா, மருத்துவிச்சி வளர்ச்சி சரி என்கிறாரா? ஆம் என்றால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. கோடு தட்டையாகப் படுத்தால், அந்த மாதம் ஓடரைப் பாதியாக்குங்கள், காரணம் தெரிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

வியாபாரத்தைப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யுங்கள், பிரதேச செயலகத்தில்தான், கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு தொடங்கும். இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், லயனில் காணி உறுதி ஏது? தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் போதுமா என்று கிராம உத்தியோகத்தரிடமே முதலில் கேட்டுவிட்டு அலையுங்கள். பதிவு இருந்தால் வங்கியில் அந்தப் பெயரில் கணக்குத் திறக்கலாம். கணக்கில் ஒரு வருடம் பணம் போய் வந்தால், வங்கியில் குறைந்து செல்லும் மீதி வட்டிக்குக் கடன் கேட்க ஒரு வழி பிறக்கும். கைவேலைக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் எடுக்கலாம், வகுப்புக்குப் போகாமல் இருக்கும் திறமையைச் சோதித்துத் தரும் முறை அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது.

மெஷின் வாங்குவதைப் பற்றி அந்த வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு திரும்ப எழுதுங்கள். அப்போது வாங்குவதாக இருந்தால் சேர்வோ மோட்டர் வைத்ததாகக் கேளுங்கள், பாவித்த மெஷின் என்றாலும் பரவாயில்லை. மிதித்தால் மட்டும்தான் ஓடும், கரண்டும் குறைவு, சத்தமும் அவ்வளவு இல்லை.