மீன் சந்தையான தூண் மண்டபம்

கேள்வி: ரோம் நகரின் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில், பழம்பெரும் கட்டடங்களின் வளைவுகளுக்குள் கடைகள் தெரிகின்றனவே, அவை உண்மையில் அங்கே இருந்தவையா?

பதில்: இருந்தவைதான். பேரரசர் அகஸ்டஸ் தம் சகோதரி ஒக்டாவியாவின் பெயரால் எழுப்பிய தூண் மண்டபத்தில், இடைக்காலம் தொட்டு மீன் சந்தை நடந்துவந்தது. அங்குள்ள தேவாலயத்தின் பெயரிலும் மீன் சந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறித்த அளவைவிட நீளமான மீன்களின் தலையை, முதல் துடுப்பு வரை வெட்டி, நகர அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று லத்தீனில் ஆணையிடும் பளிங்குக் கல்லும் அங்கே உண்டு. (மீன் தலையின் ருசி அறிந்த அதிகாரிகள் போலும்!) அருகிலுள்ள மார்செல்லஸ் அரங்கின் கீழ்வளைவுகளோ, பாதி மண்ணில் புதைந்த நிலையில், கடைகளாகவும் பட்டறைகளாகவும் பயன்பட்டன.

1850களில் ரோமில் தொழில் செய்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் மக்பர்சன் இவ்விரண்டையும் படமெடுத்தார். முட்டை வெண்கரு பூசிய கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நடமாடிய மனிதர்கள் அதில் விழவில்லை. ஆகவே படத்தில் ஆளரவமற்றுத் தோன்றும் இடத்தை வெறிச்சோடிய சந்தை என்று எண்ணிவிடக் கூடாது. அரங்கின் கடைகள் 1926க்கும் 1932க்கும் இடையில் அகற்றப்பட்டன.