தைத்து முடித்த குயில்ட்டை நுவரெலியாவில் எப்படிப் பொதி செய்வது?

வாடிக்கையாளரின் குயில்ட்டை, அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்த போர்வையை, லாங்ஆர்ம் மெஷினில் (குயில்ட் தைக்கிற நீண்ட கையுள்ள பெரிய தையல் மெஷின்) தைத்து முடித்ததும் நேரே பொலித்தீனில் கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூடுபனியும், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழையுமாக இருக்கிற நம் ஊரில் பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதை அப்படியே அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்தக் கறை லேசில் போகாது. மழை விட்ட நாளாகப் பார்த்து நிழலில் விரித்து நன்றாகக் காயவிடுங்கள், நூல் நுனிகளையும் வெட்டிவிடுங்கள். அப்புறம் தளர்வாகச் சுருட்டி, துவைத்த பருத்தித் துணிப் பையில் போடுங்கள். கூரியரில் அனுப்புவதென்றால் மட்டும் மேலே பொலித்தீன், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், பெற்றதும் பிரித்து விரிக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு. காற்றை உறிஞ்சிக் கட்டினால் இடம் மிச்சம்தான், ஆனால் பஞ்சு அமுங்கி மடிப்பு விழும், எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மிஞ்சிய துணியையும் பஞ்சையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள், அது அவர்களுடைய காசு.