விசாரணை கேட்டவர்கள் விடுதலை கேட்கவில்லை

கேள்வி: ஆஸ்திரேலியரான டேவிட் ஹிக்ஸ் லஷ்கர்-இ-தொய்பாவிடமும் அல்-காய்தாவிடமும் பயிற்சி பெற்றவர். அவரை அமெரிக்கா கியூபாவிலுள்ள தன் குவாண்டனாமோ ராணுவச் சிறையில் அடைத்து வைத்ததற்காக, கடந்த இதழில் நீங்கள் ஆஸ்திரேலிய அரசைக் குறை கூறியிருந்தீர்கள். போகக்கூடாத இடத்துக்குத் தானே தேடிப் போனவருக்காக ஓர் அரசு ஏன் மெனக்கெட வேண்டும்? அவருக்காகக் கூட்டம் போட்டவர்கள் கடைசியில் ஒரு பயங்கரவாதியைத்தானே காப்பாற்றினார்கள்?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: அவர் பயிற்சி பெற்றார் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2000-ஆம் ஆண்டு பாகிஸ்தானில் லஷ்கர் முகாமில் இருந்தபோது, காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் இந்தியப் பக்கத்தை நோக்கிச் சுட்டதாக வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 2001-இல் ஆப்கானிஸ்தானில் அல்-காய்தா முகாம்களிலும் இருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி அறியும் எந்த இந்தியருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்த வாதம் அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல. அவர் மீது என்ன குற்றச்சாட்டு, அதை எந்த நீதிமன்றம் எந்தச் சட்டப்படி எப்போது விசாரிக்கப் போகிறது என்பதே கேள்வி. தன் குடிமகனுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்க வேண்டிய அரசு, கேட்காமலே இருந்தது. என் குறையெல்லாம் அதைப் பற்றியதுதான்.

நடந்ததைக் காலவரிசையில் பாருங்கள். 2001 டிசம்பரில், ஆப்கானிஸ்தானில் தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணிப் படையினர் அவரைப் பிடித்து அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார்கள். 2002 ஜனவரியில் குவாண்டனாமோ திறக்கப்பட்ட உடனேயே அங்கே கொண்டுபோகப்பட்டார். முதல் குற்றச்சாட்டு பதிவானது 2004 ஜூனில். இடைப்பட்ட சுமார் இரண்டரை ஆண்டுகள் அவர் எந்தக் குற்றத்துக்காகவும் அடைபட்டிருக்கவில்லை. ‘எதிரிப் போராளி’ என்ற ஒரு முத்திரையே போதுமானதாக இருந்தது. அந்தக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க அமைக்கப்பட்ட ராணுவ ஆணையமே (ராணுவ அதிகாரிகள் அமர்ந்து விசாரிக்கும் தனி மன்றம்) சட்டவிரோதமானது என்று 2006 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹம்தான் என்ற இன்னொரு குவாண்டனாமோ கைதியின் வழக்கில் தீர்ப்பளித்ததும், அவையும் செல்லாமல் போயின. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் புதிதாக ஒரு ராணுவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 2007-இல் ஹிக்ஸ் மீது மறுபடியும் குற்றச்சாட்டு பதிவானது. முதல் பட்டியலில் இருந்த சதியும் கொலை முயற்சியும் போய், கடைசியில் மிஞ்சியது ‘பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி அளித்தல்’ என்ற ஒன்று மட்டுமே.

இனி, ஆஸ்திரேலிய அரசு சொன்ன காரணத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் உறுத்துவது இதுதான். ஹிக்ஸை ஏன் நாட்டுக்குக் கொண்டுவந்து இங்கேயே விசாரிக்கக் கூடாது என்று கேட்டவர்களுக்குப் பிரதமர் ஜான் ஹோவர்டும் தலைமைச் சட்ட அமைச்சர் ஃபிலிப் ரடாக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில், அவர் செய்ததாகச் சொல்லப்படும் செயல்கள் செய்த காலத்தில் ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றமாக இருக்கவில்லை, அவற்றைக் குற்றமாக்கி முன்தேதியிட்டுச் சட்டம் கொண்டுவருவது முறையல்ல என்பது. இந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பிறகு குற்றமாக்கித் தண்டிக்கக் கூடாது என்பது எந்த நாகரிக நாட்டுச் சட்டத்துக்கும் அடித்தளம். ஆனால் அதே அரசு, அதே மனிதரை, அதே செயலுக்காக, 2006-இல் பிறந்த ஓர் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் விசாரிக்கச் சம்மதித்தது. சொந்த மண்ணில் செய்ய மனம் ஒப்பாத காரியத்தை இன்னொரு நாடு செய்யட்டும் என்று விட்டுவிட்டதை எந்த வகையில் நியாயப்படுத்த முடியும்?

வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லவும் இடமில்லை. அமெரிக்காவின் மிக நெருங்கிய கூட்டாளியான பிரிட்டன், இந்த ஆணையங்கள் நியாயமான விசாரணை தராது என்று தன் தலைமை வழக்கறிஞர் லார்ட் கோல்ட்ஸ்மித் வாயிலாகவே வெளிப்படையாகச் சொல்லி, தன் குடிமக்களில் ஐந்து பேரை 2004 மார்ச்சிலும் மீதி நால்வரை 2005 ஜனவரியிலும் மீட்டுக்கொண்டது. இன்னோர் ஆஸ்திரேலியரான மம்தூ ஹபீபும் அதே ஜனவரியில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் திரும்பினார். தாய் பிரிட்டனில் பிறந்தவர் என்ற தகுதியில் ஹிக்ஸ் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்டு, நீதிமன்றத்தில் வென்று, 2006 ஜூலையில் அதைப் பெற்ற சில மணி நேரத்திலேயே அது பறிக்கப்பட்டது. தன் நாடு கேட்காது என்று தெரிந்த பிறகே ஒருவர் இன்னொரு நாட்டின் கதவைத் தட்டுகிறார் என்பதை ஆஸ்திரேலிய அரசு உணர்ந்திருக்க வேண்டும்.

கூட்டம் போட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். ஹிக்ஸின் தந்தை நியூயார்க்கின் பிராட்வே வீதியில், மகன் இருந்த அறையின் அளவில் ஒரு கூண்டு வைத்து, அதற்குள் நின்று போகிற வருகிறவர்களிடம் பேசினார். தன் மகன் குற்றமற்றவன் என்பதல்ல அவர் வைத்த கோரிக்கை. நியாயமான விசாரணை நடத்துங்கள் என்பதே. ஹிக்ஸுக்காக அமெரிக்க ராணுவம் நியமித்த வழக்கறிஞர் மேஜர் மைக்கேல் மோரி, சீருடையோடு ஆஸ்திரேலிய நகரங்களுக்கு வந்து, இந்த ஆணையம் நீதிமன்றமே அல்ல என்று பொதுமேடைகளில் பேசினார். ஓர் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதிகாரியைப் பயங்கரவாதிகளின் அனுதாபி என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். ஹிக்ஸைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று சிட்னியில் தொடரப்பட்ட வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அரசு கேட்டபோது, 2007 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்து, வாதங்களைக் கேட்போம் என்றது. அந்த வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே குவாண்டனாமோவில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

அந்த ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஹிக்ஸ் குற்றத்தை ஒப்புக்கொள்வார். ஏழு ஆண்டு தண்டனையில் ஒன்பது மாதம் மட்டும் ஆஸ்திரேலியச் சிறையில் இருப்பார். தன்னை யாரும் சட்டவிரோதமாக நடத்தவில்லை என்று கையெழுத்திடுவார். ஓராண்டு பத்திரிகையாளர்களிடம் பேச மாட்டார். ஆஸ்திரேலியாவில் தேர்தல் நடக்கவிருந்த ஆண்டு அது. ஐந்து ஆண்டுக்கு மேல் அடைபட்டு, வீட்டுக்குப் போக வேறு வழி தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்தைத்தான் ‘அவரே ஒப்புக்கொண்டாரே’ என்று இன்றும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

நீங்கள் அவரைப் பயங்கரவாதி என்று எழுதியிருப்பது அந்த ஒப்புதலை வைத்தே என்றால், 2015 பிப்ரவரியில் அது போய்விட்டது. பொருளுதவி என்பது 2006-க்கு முன் போர்க்குற்றமாக இருக்கவில்லை என்று மேல்நீதிமன்றம் ஒன்று இன்னொரு வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதைப் பின்பற்றி, அமெரிக்க ராணுவ ஆணைய மேல்முறையீட்டு நீதிமன்றமே ஹிக்ஸின் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. தன் நாட்டில் விசாரிக்க மறுத்தபோது ரடாக் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் அது ரத்தானது. அப்போதும் பிரதமர் டோனி அபட் மன்னிப்புக் கேட்க மறுத்து, அந்த ஆள் செய்யத் தகாத காரியத்தில்தான் இருந்தார் என்ற பொருளில் பேசினார். இருந்திருக்கலாம். தகாத காரியத்துக்கு என்ன தண்டனை என்று எழுதி வைத்த சட்டம் அன்று இருந்ததா, அதை விசாரிக்கச் சுதந்திரமான நீதிமன்றம் இருந்ததா என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை. உங்கள் கேள்வியிலும் அதற்குப் பதில் இல்லை.

ஓர் அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்கிறீர்கள். ஹிக்ஸ் கையில் இருந்ததும் உங்கள் கையில் இருப்பதும் ஒரே நிறக் கடவுச்சீட்டு. அதை வைத்திருப்பவரின் நடத்தை பிடித்திருந்தால் மட்டுமே உதவுவோம் என்று ஓர் அரசு நடந்துகொண்டால், நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் தவறாகப் பிடிபடும்போது, அவன் நல்லவன் என்று முதலில் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்; அதை நிரூபிக்கும் இடம் நீதிமன்றம், அந்த நீதிமன்றமே அவனுக்குக் கிடைக்காது. கடந்த இதழில் எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றுவதாக இல்லை.