எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவி. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதால், எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். எனக்கு உயிரியல் என்றால் உயிர். "கணிதத்தையும் சேர்த்தே எடு. மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல் இருக்கிறது. எந்த வழியும் அடைபடக் கூடாது" என்றார் அப்பா. அதனால் மொழிப்பாடங்கள் இரண்டு போக, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எடுத்தேன். கணினி தெரியாமல் இனி எந்த வேலையும் கிடைக்காது என்று சித்தப்பா சொன்னதால், கணினி அறிவியலையும் கூடுதல் பாடமாகச் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது மூச்சு முட்டுகிறது. பள்ளியும் டியூஷனும் முடிந்து வீடு திரும்பும்போதே இருட்டிவிடுகிறது. அன்றைய பாடங்களுக்குக் குறிப்பெழுதி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். தலைப்புக்கு ஒரு நிறம், வரையறைக்கு ஒரு நிறம் என்று அழகாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் முதல் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்கு 48, கணிதத்தில் 55. இவ்வளவு குறைவாக நான் வாங்கியதே இல்லை. விடைத்தாளைப் பையில் ஒளித்துவைத்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். ஆசையோடு திறந்த உயிரியல் புத்தகம்கூட இப்போது முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

கணிதத்தை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. சொன்னால் அப்பா உடைந்துபோவார். பாடம் மாற்றிக்கொள்ள இன்னும் சில வாரங்கள்தான் அவகாசம். எனக்குத் திறமை போதவில்லையா அம்மா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்பு மகளே,

அந்த 48-ஐப் பற்றி முதலில் பேசிவிடுவோம். பத்தாம் வகுப்பில் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் பெரும்பாலும் விடை வந்துவிடும். இப்போது சாய்தளம், உராய்வு, கப்பி மூன்றும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன. எந்த விசை எந்தத் திசையில் இழுக்கிறது என்று படம் வரைந்து நீயேதான் பிரிக்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றை இயற்பியல் ஆசிரியர் வகையீட்டை, அதாவது ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் கணித முறையைக் கொண்டு விளக்குவார். பல பள்ளிகளில் கணித வகுப்பு அந்த வகையீட்டைத் தொடுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். தெரியாத மொழியில் சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை என்று உன்னையே நீ நொந்துகொள்கிறாய். எளிய வகையீட்டு விதிகள் நான்கைந்தை மட்டும் இப்போதே சொல்லித்தரும்படி கணித ஆசிரியரிடம் கேள். சில மாலைகளில் பிடிபட்டுவிடும். அதன்பிறகு இயக்கவியல் பாடத்தை மறுபடி படித்துப் பார்.

அடுத்து, உன் வண்ணக் குறிப்புகள். உழைத்து எழுதியதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன் இரவுகளைத் தின்பது அவைதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஒரு பக்கம்; வாசித்தபின் மூடிவைத்து, நினைவில் நின்றதை எழுதிப் பார்த்த மாணவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அந்தத் திருப்தி தேர்வறை வரை கூட வராது. இன்று நடத்திய பாடத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் பத்து நிமிடம், கிறுக்கலாகவே இருக்கட்டும், எழுதிப் பார். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் குறித்துக்கொள். கணக்குகளிலும் இதே முறைதான். தீர்த்த விடையைப் படித்துத் தலையாட்டினால் போதாது. அதை மறைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து நீயே போட வேண்டும்.

இனி நேரம். ஒரு தாளை எடுத்து என்னோடு கணக்குப் போடு. வாரத்துக்கு 168 மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. ஒன்பது என்று வைத்தால் வாரத்துக்கு 63. பள்ளி, டியூஷன், போய்வரும் நேரம் எல்லாம் சேர்த்து 55 இருக்கலாம். குளிப்பது, சாப்பிடுவது, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு 20. மிச்சம் 30. அதிலும் நான்கைந்து மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும். உன் வயதில் அது வீண் இல்லை. ஆக, ஏழு பாடங்களுக்கு 25 மணி நேரம். நீ இவ்வளவு நாளும் பற்றாக்குறையைத் தூக்கத்திலிருந்து எடுத்துச் சமாளித்தாய். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்குப் படித்தது காலையில் கலங்கலாக இருப்பதற்கு உன் திறமையைப் பழி சொல்லாதே.

அந்த 25-ஐ ஏழால் வகுத்துச் சமமாகப் பிரிக்கவும் கூடாது. கணிதமும் இயற்பியலும் படிப்படியாக ஏறும் பாடங்கள். பத்து நாள் விட்டால் அடுத்த பாடமே புரியாது. அவற்றைத் தினமும் கொஞ்சமாவது தொட வேண்டும். வேதியியலில் மோல் கருத்து, அதாவது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு, பிடிபடாவிட்டால் அதன்மேல் கட்டிய கணக்கு எல்லாமே ஆட்டம் காணும்; அதை மட்டும் முதலில் சரிசெய். உயிரியலில் ஒரு பாடம் தள்ளிப்போனாலும் அடுத்ததைப் பெரும்பாலும் படித்துவிடலாம். வாரத்தில் மூன்று நாள் போதும்.

சரி, எதை விடுவது? என் கருத்து: கணிதத்தை அல்ல, கணினி அறிவியலை. உன் சித்தப்பா சொன்னதில் பாதி சரி. கணினி அறிவு வேண்டும். ஆனால் கணினித் துறைப் பட்டப்படிப்புகள் பலவும் சேர்க்கைக்குக் கேட்பது பள்ளிக் கணிதத்தைத்தான். நிரல் எழுதுவதைக் கல்லூரியின் முதல் ஆண்டில் அடிப்படையிலிருந்தே தொடங்குவார்கள். விடுமுறையில் நீயாகவும் கற்றுக்கொள்ளலாம். கணிதம் அப்படியில்லை. பள்ளியில் விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கடினம்.

இன்னொன்றையும் கவனித்தேன். மருத்துவராக வேண்டும் என்று நீ எங்குமே எழுதவில்லை. மருத்துவம் உன் அப்பாவின் பேச்சில்தான் வருகிறது. உனக்குப் பிடித்தது உயிரியல். மருத்துவச் சேர்க்கைக்குப் பொதுவாக இயற்பியலும் வேதியியலும் உயிரியலும்தான் முக்கியம், கணிதம் பெரும்பாலும் கட்டாயமில்லை. மருத்துவம் மட்டுமே உன் முடிவு என்றால் கணிதத்தை விடுவதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் உயிரியலைத்தான் நேசிக்கிறாய் என்றால் யோசி. மெண்டல் என்ற ஆய்வாளர் தன் பட்டாணிச் செடிகளின் விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. அந்த எண்ணிக்கையிலிருந்துதான் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமும், 1866-இல் வெளியான அவருடைய கட்டுரையும், அதன்பின் மரபியலும் வந்தன. இன்று ஒரு தொற்று எப்படிப் பரவுகிறது, ஒரு காட்டில் எத்தனை புலிகள் இருக்கின்றன என்று கேட்டாலும் புள்ளியியல் இல்லாமல் பதில் இல்லை.

ஆகவே இப்படிச் செய். கூடுதல் பாடத்தை இப்போதே விடு. வண்ணப் பேனாக்களை மேசை இழுப்பறையில் வை. பத்தரை மணிக்கு விளக்கை அணை. அடுத்த தேர்வு வரை இப்படியே நடந்து பார். கணிதத்தில் ஏறுமுகம் தெரிந்தால் வைத்துக்கொள். அப்போதும் முடியவில்லை என்றால் கணிதத்தை விடுவது ஓடி ஒளிவது ஆகாது. பார்த்து எடுத்த முடிவு. ஆனால் கடைசி நாளைப் பள்ளி அலுவலகத்தில் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள். தேர்வு வருமுன் அவகாசம் முடிந்துவிடும் என்றால், கணித ஆசிரியரிடம் ஒரு சிறு சோதனைத்தாள் கேட்டு முன்னதாகவே எழுதிப் பார். சரியாகத் தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் பசியின்மையும் தொடர்ந்தாலோ, வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்தாலோ, அன்றைக்கே வீட்டில் சொல்லி மருத்துவரைப் பார். அதில் தாமதம் வேண்டாம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாய். அழுதுகொண்டு போகாதே, தாளோடு போ. நீ சேர விரும்பும் நான்கைந்து படிப்புகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் சேர்க்கைக்கு எந்தெந்தப் பாடம் கட்டாயம் என்று கல்லூரிகளின் அறிவிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள். அந்த 168 மணி நேரக் கணக்கையும் கீழே எழுது. விடைத்தாளையும் அவரிடமே கொடுத்துவிடு. வழி அடைபடக் கூடாது என்று கவலைப்படும் அப்பாவுக்கு, எந்த வழியும் அடைபடவில்லை என்று அந்தப் பட்டியலே காட்டிவிடும். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், உன்னை நன்கு அறிந்த உயிரியல் ஆசிரியரையும் உடன் இருக்கச் சொல். கடைசி நாள் வரை காத்திருக்காமல், இந்த வாரமே பேசிவிடு.