மதுரையில் இருந்துகொண்டு, யாரும் அதிகம் அறியாத மூழ்கிய கப்பல்களையும் பவளப்பாறைகளையும் தேடிப் பதிவு செய்வது எப்படி?

கேட்டவர் ஸ்கூபா சான்றிதழ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறதாம். எல்லாரும் இறங்கும் இடத்திலேயே இறங்கி அலுத்துவிட்டது, மன்னார் வளைகுடாப் பக்கம் யாரும் பார்க்காத கப்பலோ பாறையோ கண்டுபிடித்துப் பதிவு செய்ய ஆசை, ஆனால் இருப்பது மதுரையில், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். நான் மேலூர்க்காரன், நில அளவை என் தொழில், ஏழெட்டு வருஷமாக லீவு கிடைத்தால் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிடுகிறேன், அதனால் கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம், யாருக்கும் தெரியாத இடம் என்று நம் கடலில் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தூண்டில்காரருக்குத் தெரியும், சங்கு குளிப்பவருக்குத் தெரியும், வலை மாட்டிக் கிழிந்து நஷ்டப்பட்டவருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். இலங்கையில் அம்பாந்தோட்டை பக்கம் கொடவாய என்ற இடத்தில், சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய ஒரு கப்பலின் மிச்சம் 30 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அதை முதலில் பார்த்தவர்கள் சங்கு குளிக்கும் மீனவர்கள், ஆராய்ச்சியாளர்கள் அப்புறம்தான் வந்தார்கள். அதனால் காசு சேர்ந்தவுடன், ஒலியை அனுப்பிக் கடலடியைக் காட்டும் சோனார் கருவி வாங்கப் போகாதீர்கள். கரையில் போய் உட்காருங்கள், ஒரு நாள் இல்லை, பல நாள்.

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டை அங்கே 'பார்' என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருக்கும், தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தொலாயிரம் பார் முத்துக்குளிப்புக் காலத்திலேயே பெயர் பெற்றது. ஆழத்தை மீட்டரில் கேட்டால் பதில் தயங்கித்தான் வரும், பாகத்தில் கேளுங்கள், ஒரு பாகம் சுமார் ஆறடி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என்னை வத்தை என்ற சிறு படகில் கூட்டிப்போனார். ஜிபிஎஸ் எதுவும் இல்லை. மாதா கோவில் கோபுரம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வரும்வரை போனார், பிறகு அந்த நேரை விடாமல் இன்னும் வெளியே ஓட்டி, வடக்கே ஒரு பனங்கூட்டம் உப்பளத்துக் கொட்டகையை மறைக்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். இரண்டு நேர்க்கோடு வெட்டும் புள்ளி, என் தொழிலில் தினமும் செய்கிற வேலை, ஆனால் ஆடுகிற வத்தையில் நின்றபடி வெறுங்கண்ணால் செய்தார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, கயிற்றை என் கையில் கொடுத்து, "தம்பி, மண்ணுன்னா மெத்துன்னு உக்காரும், பாருன்னா டக்குன்னு தட்டும், பாரு" என்றார். தட்டியது. அந்தத் தட்டு இன்னும் விரலில் இருக்கிறது.

அப்புறம் காகிதம். டேராடூனில் இருக்கும் தேசிய நீரளவை அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடங்களில் மூழ்கிய கப்பல்களுக்குத் தனிக் குறி உண்டு. குறிக்குப் பக்கத்தில் 'இடம் தோராயம்' என்றோ 'இடம் ஐயத்துக்குரியது' என்றோ சுருக்கெழுத்து இருந்தால் அதை மதியுங்கள், அந்தப் புள்ளியில் போய் இறங்கினால் மணல்தான் கிடைக்கும். பழைய வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட்ட அடிப்படையும் இன்றைய ஜிபிஎஸ் அடிப்படையும் வேறு, அதிலேயே சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். விசைப்படகுக்காரர்கள் வலை மாட்டிய இடங்களை ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருப்பார்கள், அது பெரிய பொக்கிஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டே பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

ஜிபிஎஸ் எண்களை எழுதிக்கொள்ளும்போது கவனம், நான் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். ஒருவர் அட்சரேகையில் 12.50 நிமிடம் என்று சொன்னதை என் நோட்டில் 12 நிமிடம் 50 விநாடி என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது பன்னிரண்டரை நிமிடம், அதாவது 12 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 20 விநாடி, அட்சரேகையில் அது 600 மீட்டருக்கு மேல். வாடகைப் படகு, டீசல், நிரப்பிய நான்கு சிலிண்டர், எல்லாம் வெறும் மணலுக்கு மேல் வீணாயின. அதிலிருந்து பாகை, நிமிடம், தசமம் என்று ஒரே முறையில்தான் எழுதுகிறேன், சொன்னவரின் கருவித் திரையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இடத்துக்குப் பக்கத்தில் போனபின் தேடுவது உழவு மாதிரிதான். ஒரு சால் போய்த் திரும்பி, அதை ஒட்டி அடுத்த சால், இடைவெளி விடாமல். சாதாரண மீன் தேடும் எக்கோ சவுண்டரே போதும், பக்கவாட்டு சோனார் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் பொருளை விட அது விழுத்தும் நிழலைப் பாருங்கள், உயரம் நிழலில்தான் தெரியும். தட்டையான தரையில் திடீரென்று ஒரு மேடும் அதற்கு மேலே மீன் கூட்டமும் தெரிந்தால் மிதவை போட்டுவிடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் காட்டப்பட்ட பாருக்குப் பக்கத்தில் 14 மீட்டரில் ஒரு சரக்குத் தோணி கிடந்தது. கப்பல் வடிவத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நம் வெதுவெதுப்பான கடலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைக் கப்பல் புழு தின்றுவிடும். நான் பார்த்தது வரிசை வரிசையாக அடுக்கிய மூட்டைகள். கிட்டே போய்த் தொட்டால் கல். சிமெண்ட் ஏற்றி வந்திருக்கிறது, சாக்கு மக்கிப்போய் உள்ளே இருந்தது மூட்டை வடிவத்திலேயே இறுகிவிட்டது, ஒரு மூட்டையில் சாக்கின் வாய் தைத்த மடிப்பு கூட அப்படியே பதிந்திருந்தது, அந்த மடிப்புக்குள் விரல் நீளத்தில் ஒரு சின்ன மீன் குடியிருந்தது. பூம்புகார் கடலில் 19 மீட்டரில் தேசிய கடலியல் நிறுவனம் ஆய்வு செய்த கப்பலிலும் பேசியது சரக்குதான், ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று வருஷமே பொறித்திருந்தது. எனவே மரத்தைத் தேடாமல் நங்கூரம், சரக்கு, கப்பல் சாயாமலிருக்க அடியில் போடும் பாரக் கற்கள் இவற்றைத் தேடுங்கள்.

பதிவு செய்வதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் வயலை அளக்கும்போது ஒரு அடிக்கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக அளவெடுத்துப் புலப்படம் வரைவோம். கடலடியிலும் அதேதான். நங்கூரத்திலிருந்து மறுமுனை வரை 30 மீட்டர் டேப்பை இறுக்கிக் கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு தடவை இடமும் வலமும் அளந்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டே போக வேண்டும். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும், தள்ளி நின்று பாருங்கள். ஆழத்தை ஒரே கருவியில் எடுத்து, நேரத்தையும் எழுதுங்கள், ஏற்றவற்றம் நம் பக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் கழிக்க வேண்டும். போட்டோக்களைச் சேர்த்து முப்பரிமாண மாதிரி செய்வதென்றால் ஒரு படத்தின் முக்கால் பங்காவது அடுத்த படத்தில் வர வேண்டும், அளவுகோல் ஒன்றும் படத்துக்குள் வரும்படி வையுங்கள். காலில் மாட்டிய துடுப்பால் ஒரு தடவை வண்டலைக் கிளப்பினால் அன்றைய வேலை முடிந்தது.

பாருக்கு வேறு முறை. 20 மீட்டர் டேப் விரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக அடியில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: உயிருள்ள கடினப் பவளம், மென்பவளம், கடற்பஞ்சு, செத்த பவளம், மணல். இப்படி நாலு டேப் போட்டால் 160 புள்ளி. இனப்பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே மாதத்தில் திரும்ப எடுப்பதுதான் முக்கியம். 2010லும் 2016லும் இங்கே கடல் சூடாகிப் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. தீவுகளை ஒட்டிய இடங்களில் அதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். நீங்கள் தேடும் வெளிப்பார்களில் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அநேகமாக யாரிடமும் ஒரு தாள் இருக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. பவளத்தை, செத்ததாக இருந்தாலும், எடுப்பது குற்றம். கப்பலில் இருந்து ஒரு ஆணி கூட மேலே கொண்டு வராதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், அதை விட, இடத்தை விட்டு நகர்ந்த பொருளுக்குச் சொல்ல எந்தக் கதையும் இருக்காது. துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். அந்தப் பார் ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரிய வைக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இரண்டு நாள் டைவ் முடித்துவிட்டு அப்படியே கொடைக்கானல் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். அது 2100 மீட்டர் உயரம், விமானம் ஏறுவதற்குச் சமம், டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் அங்கே குமிழியாகி ஆபத்தாகலாம். தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கீழேயே இருங்கள்.

தோணியின் படத்தை வரைந்து முடித்ததும் முதல் பிரதியை அந்தப் பெரியவரிடம்தான் கொண்டுபோனேன். வடக்கு மேலே இருக்கும்படி நீட்டினேன். அவர் வாங்கி, கரை தன் முதுகுப் பக்கம் வரும்படி தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தாளுக்கு வெளியே, திண்ணையின் சிமெண்ட் தரையில் ஒரு இடத்தில் விரலை ஊன்றி, "இங்கன இன்னொன்னு கெடக்கு தம்பி, கச்சான் முடியட்டும்" என்றார்.