30 ஆண்டுகளில் ஆறே கதைப் புத்தகங்கள் எழுதிய ஹரா ரியோவை ஜப்பானிய மர்மக்கதை வாசகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அவர் குறைவாக எழுதியதற்கும் இன்றளவும் கொண்டாடப்படுவதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கருத்து. அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரின் நடையும் வேண்டும், ஒரு முடிச்சைக்கூடத் தொங்கலில் விடாத துப்பறியும் கதைப்பின்னலும் வேண்டும், இரண்டும் ஒரே நாவலில் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். சாண்ட்லரே கதைப்பின்னலைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொண்டவர் அல்லர். இரண்டில் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தால் ஹரா ரியோவும் ஆண்டுக்கொரு நாவல் எழுதியிருப்பார். நாமும் அவரை மறந்திருப்போம்.

வேலை நிமித்தமாக ஜப்பானிய மொழி கற்று, அகராதியின் துணையோடு அவரை வாசித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1946 டிசம்பரில், கியூஷு தீவின் சாகா மாகாணத்திலுள்ள தோசு நகரில் பிறந்த ஹரா ரியோ, கியூஷு பல்கலைக்கழகத்தில் அழகியலும் கலை வரலாறும் படித்துவிட்டு, கட்டுப்பாடற்ற ஜாஸ் இசை வகையான ஃப்ரீ ஜாஸில் பியானோ கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கினார். எழுத்தாளராக அறிமுகமானபோது அவருக்கு வயது 41. புதியவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பரிசுப் போட்டியில் வென்று உள்ளே நுழையும் ஜப்பானியப் பதிப்புலகில், அவர் போட்டி எதிலும் கலந்துகொள்ளாமல், சாண்ட்லரை ஜப்பானிய மொழியில் வெளியிட்ட ஹயகவா பதிப்பகத்துக்கே தம் கைப்பிரதியை நேரடியாக அனுப்பிவைத்தார். 1988இல் வெளியான அந்த நாவல்தான் 'அதன்பின் இரவு உயிர்த்தெழுகிறது'. வலது கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே பேசும் ஒருவன், காணாமற்போன பத்திரிகை எழுத்தாளர் ஒருவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் பணத்தை வைத்துச் செல்வதில் தொடங்கி, டோக்கியோ ஆளுநர் சுடப்பட்ட வழக்கு வரைக்கும் அந்தக் கதை விரிகிறது.

அடுத்த ஆண்டே வந்த 'நான் கொன்ற சிறுமி' அவருக்கு 102ஆவது நவோக்கி விருதைப் பெற்றுத் தந்தது. வெகுசன இலக்கியத்துக்கான மிக உயர்ந்த விருது இது. இரண்டாவது நாவலுக்கே, அதுவும் ஒரு தனியார் துப்பறிவாளர் கதைக்குக் கிடைத்தது சாதாரண விஷயம் அன்று. அதன் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே படித்துக்கொள்ளலாம். தொலைபேசியில் அழைத்த ஒரு பெண்ணின் பேச்சை நம்பி, வழக்கமான விசாரணை வேலை என்ற எண்ணத்தில், ஹரா ரியோவின் கதைகள் அனைத்துக்கும் நாயகரான துப்பறிவாளர் சவாஸாக்கி, டோக்கியோவின் மெஜிரோ பகுதியிலுள்ள ஓர் எழுத்தாளரின் வீட்டுக்குப் போகிறார். அங்கே அந்த எழுத்தாளர் அவரிடம் 60 மில்லியன் யென் இருக்கும் பெட்டியைக் கொடுத்து, மகளைத் திருப்பித் தந்துவிடும்படி கெஞ்சுகிறார். மறைந்திருந்த போலீஸார் பாய்கிறார்கள். வயலின் மேதை என்று பெயரெடுத்த 11 வயதுச் சிறுமி கடத்தப்பட்ட வழக்கில், வாசற்படி தாண்டிய சில நிமிடங்களுக்குள் சவாஸாக்கி சந்தேக நபராகிவிடுகிறார். பிறகு கடத்தல்காரர்கள் பணத்தைக் கொண்டுவரும் ஆளாக அவரையே குறிப்பிட்டுக் கேட்க, அவர் அந்தப் பெட்டியுடன் ஓர் உணவகத்திலிருந்து இன்னோர் உணவகத்துக்கு இரவெல்லாம் அலைக்கழிக்கப்படுகிறார். எதற்காக இவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கான விடை கடைசியில் வரும்போது, முன்பு அசட்டையாகக் கடந்துவந்த உரையாடல்களை எல்லாம் திரும்பப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஹார்ட்பாய்ல்ட்' எனப்படும் விறைப்பான துப்பறிவாளர் கதைகளில் இந்த அளவுக்கு நேர்த்தியான முடிச்சை நான் அதிகம் கண்டதில்லை.

சவாஸாக்கியின் முதற்பெயர் எந்தப் புத்தகத்திலும் சொல்லப்படுவதில்லை. டோக்கியோவின் மேற்கு ஷின்ஜுகுவில் பழைய கட்டடம் ஒன்றில் இருக்கும் அவருடைய அலுவலகத்தின் பெயர்ப்பலகையில்கூட, 'வதனபே துப்பறியும் நிலையம்' என்று ஓடிப்போன கூட்டாளியின் பெயர்தான் இருக்கிறது. அந்த வதனபே முன்னாள் காவல் அதிகாரி; போதைப்பொருள் கும்பலைப் பிடிக்கப் போலீஸார் விரித்த வலையில் உதவப் போய், 100 மில்லியன் யென் பணத்தையும் மூன்று கிலோ போதைப்பொருளையும் தூக்கிக்கொண்டு தலைமறைவானவர். அதனால் ஷின்ஜுகு காவல் நிலையத்தின் அதிகாரி நிஷிகோரி ஒரு பக்கமும் யாகுசா என்னும் குற்றக் கும்பல் மறு பக்கமும் சவாஸாக்கியை விடாமல் துளைக்கிறார்கள். வதனபேயோ எப்போதாவது காகித விமானமாக மடித்த துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி அனுப்புகிறார். இந்தப் பழைய கணக்குத்தான் தொடர் முழுவதற்கும் அடியில் ஓடுகிறது. எல்லோரும் கைபேசிக்கு மாறிய பிறகும் சவாஸாக்கி, தகவல் எடுத்துவைக்கும் தொலைபேசிச் சேவையையே நம்பியிருப்பதை வீம்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

1990இல் 'தேவதைகளின் துப்பறிவாளர்' என்ற சிறுகதைத் தொகுப்பு வந்தது. அதன் ஆறு கதைகளிலும் சிறுவர்களோ பதின்வயதினரோதான் மையம். 1995இல் 'விடைகொடு, நீண்ட உறக்கமே' வெளியாயிற்று. பள்ளி பேஸ்பால் சூதாட்டச் சந்தேகத்தில் தொடங்கி, 11 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தற்கொலையைத் தோண்டி, 'நோ' என்னும் ஜப்பானிய மரபு நாடகக் குடும்பமொன்றின் உள்விவகாரத்தில் போய் நிற்கும் அந்த நாவலே அவருடைய உச்சம் என்று வாதிடுவோர் உண்டு. அதன் பிறகு இடைவெளிகள் பெருகின: அடுத்த நாவலான 'மூடன் சாக வேண்டும்' 2004இல், அதற்கடுத்த 'அதுவரையிலான நாளை' 2018இல். இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல நாவலைக் குறைந்த காலத்தில் எழுதிமுடிக்கும் வழியைக் கண்டடைவதற்காகவே ஒன்பது ஆண்டுகளைச் செலவிட்டதாக 2004 நாவலின் பின்னுரையில் அவரே எழுதியிருந்தார். அடுத்த நாவலுக்கு 14 ஆண்டுகள் ஆயின!

இதே காலத்தில் இதே வகைக் கதைகளை எழுதிய கிதகதா கென்ஸோ புத்தகங்களை வரிசையாக எழுதிக் குவித்தார். இன்னொரு எழுத்தாளரான ஓஸாவா அரிமாஸா, இதே ஷின்ஜுகுவைக் களமாக வைத்து 1990இல் தொடங்கிய 'ஷின்ஜுகு சுறா' தொடரின் நான்காவது நாவலுக்கு நவோக்கி விருதும் வாங்கிவிட்டார். ஹரா ரியோவோ, அந்தக் களத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயில் தூரமுள்ள தோசுவில் இருந்துகொண்டு திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். ஆயினும், ஜப்பானில் ஆண்டுதோறும் வெளியாகும் 'இந்த மர்மக்கதை அபாரம்' தரப்பட்டியலில் 'நான் கொன்ற சிறுமி'யும், ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து 'அதுவரையிலான நாளை'யும் முதலிடம் பிடித்தன. வாசகர்கள் காத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் அனைவரும், வாடகைக் கார் ஓட்டுநர் முதல் யாகுசா அடியாள் வரை, சொல்லுக்குச் சொல் சாமர்த்தியமாகப் பேசுவது ஒரு கட்டத்தில் சலிப்பூட்டுகிறது. பெண் பாத்திரங்கள் பலர் கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே வருகிறார்கள். கடைசி நாவலில் குற்றத்தின் கனம் குறைந்து, சவாஸாக்கிக்கும் ஓர் இளைஞனுக்கும் இடையிலான உறவே பிரதானமாகிவிடுகிறது. எனக்கு அது நிறைவு தந்தாலும் முடிச்சுக்காக வாசிப்பவர்கள் ஏமாறக்கூடும். அதன் தொடர்ச்சியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் 2023 மே 4 அன்று, 76ஆவது வயதில் ஹரா ரியோ காலமானார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பெரும்பாலோர் விருது பெற்ற நாவலைத்தான் கைகாட்டுவார்கள். நான் முதல் நாவலிலிருந்தே தொடங்கச் சொல்வேன். வதனபேயின் விவகாரம் அங்கேதான் சரியாக அறிமுகமாகிறது. அது 1995 நாவலில் எங்கே போய் முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டபின் முதலிரண்டு புத்தகங்களைப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். ஜப்பானிய மொழியில் பயிற்சி குறைவாக இருப்பவர்கள் சிறுகதைத் தொகுப்பில் ஓரிரு கதைகளைப் படித்துப் பழகிவிட்டு நாவலுக்கு வரலாம்.